கிரிப்டிக் ஸ்பீஷீஸ்: 'உருவொத்த சிற்றினங்கள்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, உண்மையில் தனித்தனிச் சிற்றினங்களாக (ஸ்பீஷீஸ்) இருப்பவற்றை ஆங்கிலத்தில் 'கிரிப்டிக் ஸ்பீஷீஸ்' என்கிறார்கள். நம் அகராதிப் பக்கத்துக்காக இதற்குத் தமிழில் இதுவரை மறைசிற்றினம், கரவினம், ஓருருச் சிற்றினம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மலைத்தவளைகளை மனதில் வைத்துப் பார்த்தால் மூன்றும் எங்கேயோ இடிக்கின்றன.

'மறைசிற்றினம்' என்று படிக்கும் மாணவருக்கு இலையோடு இலையாக ஒளிந்திருக்கும் உயிர்தான் கண்முன் வரும். அது உருமறைப்பு, வேறு சங்கதி. போன தென்மேற்குப் பருவத்தில் வால்பாறைப் பக்கம் ஒரு சோலை ஓரத்தில் நின்றிருந்தேன். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. இடுப்பளவுப் புதரிலிருந்து சின்ன மணியைத் தட்டியது போல 'டிங்… டிங்' என்று ஓர் ஒலி. நாலடி தள்ளி இன்னொரு புதரில், சீப்பின் பல்லை நகத்தால் வருடினது போல 'ட்ர்ரிக்'. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டிலும் விரல்நுனி அளவுக்குப் பழுப்புத் தவளை, தொண்டைப் பை பலூனாக உப்பி நிற்கிறது. எதுவும் ஒளியவில்லை, இலைமேல் பகிரங்கமாகத்தான் உட்கார்ந்திருந்தன. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. காதுக்கோ முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வகைப்பாட்டாளருக்கு அந்த வாய்தான் பெரிய துணை. கூப்பிடுவது ஆண், அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெண் வருகிறது. குரல் வேறானால் இணைசேர்க்கை நடப்பது அரிது. உடல் ஒன்று போலவே இருந்தாலும் இரண்டு சிற்றினங்கள் கலக்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது, வேறுபாடு தவளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அப்படியிருக்க மறைவைத் தவளையின் பண்பாகச் சொல்வது சரியா?

'கரவினம்' தந்த ஐயாவுக்கு நன்றி. சொல் அழகு. ஆனால் கரவில் வஞ்சனைப் பொருளும் உண்டு. யாரையும் ஏமாற்றாத உயிருக்கு அந்தப் பெயர் வேண்டாமே. 'ஓருரு' என்பதற்கு எதிராக என் மறுப்பு வேறு. பாடநூலில் 'பல்லுருத்தோற்றம்' ஏற்கெனவே இருக்கிறது; ஒரே சிற்றினம் பல நிறத்தில், பல வடிவில் காணப்படுவது அது. 'ஓருரு' என்றால் அதற்கு நேர் எதிர்ச்சொல்லாக, அதாவது ஒரு சிற்றினம் ஒரே உருவில் இருப்பதாகப் பொருள்பட்டுவிடும். புதர்த்தவளைகளில் இந்தக் குழப்பம் நிஜமாகவே தலைவலி. ஒரே சிற்றினத்தில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும்.

அதனால் நான் முன்வைப்பது 'உருவொத்த சிற்றினங்கள்'. ஒத்திருக்கக் குறைந்தது இரண்டு வேண்டும். இந்தக் கருத்தும் அப்படித்தான்: ஒரு சிற்றினம் தனியாக 'கிரிப்டிக்' ஆக முடியாது, இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ஆகிறது. 'மறை' இதைச் சொல்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குத் தப்பிய எல்லாமே இந்தச் சொல்லுக்குள் வராது. 2017-இல் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு புதிய இரவுத்தவளைகளை விவரித்தார்கள். அவற்றில் நான்கு 12.2 முதல் 15.4 மில்லிமீட்டர் வரைதான். கட்டைவிரல் நகத்தில் உட்காரும். அவை தப்பியதற்கு உருவின் சிறுமையும் பூச்சி போன்ற குரலும் காரணம். அவற்றைக் 'காணாது விட்ட சிற்றினங்கள்' என்று எளிமையாகச் சொன்னால் போதும். உடல் அளவுகளை எடுத்து, டிஎன்ஏ பார்த்து, குரலைப் பதிவுசெய்து, மூன்றையும் சேர்த்து வைத்த பிறகே அந்த ஏழும் உறுதியாயின. குரலை மட்டும் நம்பினால் பெண் தவளையையும் குஞ்சையும் என்ன செய்வது?

புதர்த்தவளைகளின் பேரினத்துக்கு (ஜீனஸ்) 2010-இல் 'ராவோர்செஸ்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த 'ராவ்', கோயம்புத்தூரில் பிறந்த சி. ஆர். நாராயண ராவ். டிஎன்ஏ சோதனை இல்லாத காலத்தில் தவளைகளைப் பிரித்தறிந்தவர். அவர் பெயர் தமிழ்க் கட்டுரைகளில் இன்னும் கூடுதலாக வர வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீஷீஸுக்கு 'இனம்', ஜீனஸுக்குச் 'சாதி'. அங்குள்ளவர்கள் 'உருவொத்த இனங்கள்' என்று எழுதிக்கொள்ளலாம், முன்பகுதி மாறாது. 'கிரிப்டிக் டைவர்சிட்டி'க்கு மட்டும் என் சொல் உதவாது. அங்கே மறைந்து கிடப்பது உயிரினங்களின் பன்மைதான் என்பதால் 'மறைபன்மை' எனக்குச் சம்மதம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "இந்தச் சோலையில் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டவை, குரலும் டிஎன்ஏவும் வேறுபட்டதால், இரண்டு உருவொத்த சிற்றினங்கள் எனத் தெரிந்தது." தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. எழுதும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: 'ஒத்த' பெயரெச்சம், பின்னால் ஒற்று மிகாது. 'உருவொத்தச் சிற்றினம்' என்று அகராதிப் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டாம்.