மழைக்குப் பின் வாடும் கத்தரி: வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்காசிப் பக்கம் இந்தச் சித்திரையில் கோடை மழை நன்றாகவே பெய்கிறது. மல்லிகையும் முருங்கையும் செழித்துவிட்டன. கவலை கத்தரிப் பாத்திதான். காய் பிடித்த செடிகள் இலை பழுக்காமல் பச்சையாகவே துவண்டு சாய்கின்றன. தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் இழை இறங்குகிறது. ஆகவே பாக்டீரியா வாடல் நோய் என்றே நினைக்கிறேன். வாடியவற்றை வேரோடு அகற்றிவிட்டேன். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை மட்கிய சாணத்தில் கலந்து இட்டும் பலன் தெரியவில்லை. வாடல் நோய்க் கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும், தக்காளியையும் தாக்கும்.

சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரியை இத்தகைய மண்ணில் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா? மழையில் தாங்கியதா? ஒட்டு எந்த உயரத்தில் கட்டினீர்கள்? அம்மா ஆண்டுதோறும் விதை எடுத்துக் காத்த நாட்டுக் கத்தரி இது, அழியவிட மனமில்லை. தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.