லிஃப்ட் கணக்கும் பெரியப்பா கேஸும்

பெரியப்பா: (குரல் பதிவு, 3:12)

ராஜி சித்தி: அத்தான், பஸ்ல நிக்கிறேன், ஒண்ணும் கேக்கல. எழுதிப் போடுங்களேன்

அருண்: நான் சொல்றேன் சித்தி. அப்பா அபார்ட்மெண்ட் சங்கத்துல பொருளாளர் இல்லையா. லிஃப்ட் ரிப்பேர் பணத்தைத் தின்னுட்டார்னு மூணாவது மாடிக்காரர் சங்கத்து குரூப்ல போட்டுட்டார். நேத்து பார்க்கிங்ல வேற வாய்த் தகராறு

பெரியப்பா: தகராறு இல்லடா. கையை உடைச்சிடுவேன்னான். இன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போய் 499, 500, 506 மூணுலயும் எஃப்ஐஆர் போட வைக்கிறேன். முரளி மாப்ள, நீதான் சாட்சி

முரளி மாமா: நேத்து நான் திருச்சியில இருந்தேனே அத்தான்

பெரியப்பா: அது யாருக்குத் தெரியும். பார்க்கிங்ல கூட நின்னேன்னு ஒரு வரி சொல்லு, போதும்

பெரியம்மா: விடிஞ்சதுலேர்ந்து இதே பேச்சு. ராத்திரி தூங்கவும் இல்ல

கயல்: இப்பதான் கோர்ட் ஹாலை விட்டு வெளிய வந்தேன். மாமா, எதுக்கும் சரின்னுடாதீங்க

கயல்: பெரியப்பா, அந்த நம்பரெல்லாம் பழசு. 2024 ஜூலை 1-லேர்ந்து இ.பி.கோ. கிடையாது, அதுக்குப் பதிலா பி.என்.எஸ்.னு புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. அதுல அவதூறு 356, மிரட்டல் 351

பெரியப்பா: நம்பர் எதுவானா என்ன, குத்தம் குத்தம்தானே

கயல்: குத்தம்தான். ஆனா அவதூறுக்கு ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவங்க மாஜிஸ்திரேட் கோர்ட்ல தனிப் புகார் கொடுக்கணும். நீங்களே போய் சத்தியப் பிரமாணம் பண்ணி வாக்குமூலம் கொடுக்கணும். புதுச் சட்டப்படி, கேஸைக் கோப்புக்கு எடுக்கறதுக்கு முன்னாடியே எதிராளி தரப்பையும் கேக்கணும்

ராஜி சித்தி: அப்ப நியூஸ்ல வர்ற அவதூறு கேஸெல்லாம்?

கயல்: தனிப் புகார்தான் சித்தி. 2023-ல ராகுல் காந்திக்கு சூரத் கோர்ட் ரெண்டு வருஷம் கொடுத்துச்சே, அது குஜராத் எம்.எல்.ஏ. ஒருத்தர் போட்ட புகார். அந்தப் பிரிவுல அதிகபட்சமே ரெண்டு வருஷம்தான். அப்புறம் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வெச்சுது

அருண்: இதைக் கிரிமினல் குத்தமா வெச்சிருக்கறதே தப்புன்னு ஒரு கேஸ் நடந்துச்சே

கயல்: சுப்பிரமணியன் சுவாமி போட்டது. சட்டம் செல்லும்னு 2016-ல தீர்ப்பு வந்துடுச்சு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நஷ்ட ஈடு கேக்க சிவில் கோர்ட் இருக்கறப்ப ஜெயில் எதுக்கு

பெரியப்பா: எனக்கு உடன்பாடு இருக்கு

முரளி மாமா: கயல், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தாள் சொன்னது உண்மையா இருந்தா?

பெரியப்பா: டேய்

முரளி மாமா: பேச்சுக்குத்தான் அத்தான்

கயல்: உண்மையா இருந்தா மட்டும் போதாது மாமா. அதை வெளிய சொல்றது பொது நன்மைக்காகவும் இருக்கணும். சட்டத்துல பத்து விதிவிலக்கு இருக்கு, முதல் விதிவிலக்கே இதுதான். சங்கத்துப் பணமாச்சே, எல்லாருக்காகவும்தான் கேட்டேன்னு அவர் சொல்வார். ஆனா கணக்கு கேக்கறது வேற, தின்னுட்டார்னு எழுதறது வேற. நல்லெண்ணத்துல சொன்னேன்னு காட்டணும்னா முன்னாடியே விசாரிச்சிருக்கணும். பில் ஏதாவது கேட்டாரா?

பெரியப்பா: ஒரு நாள் கேட்டதில்ல. மெக்கானிக் பில், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் ஃபைல்ல வரிசையா இருக்கு

கயல்: அந்த ஃபைல்தான் உங்க கேஸே

ராஜி சித்தி: நாலஞ்சு பேர் அதை வேற குரூப்புக்கும் தள்ளிட்டாங்களாமே, அக்கா சொன்னா

கயல்: அவங்களுக்கும் பொறுப்பு உண்டு. வந்ததை அப்படியே ஷேர் பண்ணேங்கற வாதத்தை எஸ்.வி. சேகர் வழக்குல 2023-ல சென்னை ஹைகோர்ட் ஏத்துக்கல. ஆனா யாரோ போட்டதுக்கு அட்மினைப் பிடிக்க முடியாதுன்னு 2022-ல கேரளா ஹைகோர்ட் சொல்லியிருக்கு

அருண்: நல்லவேளை. அந்த குரூப் அட்மின் அப்பாதான்

பெரியப்பா: மிரட்டலுக்கு வா கயல்

கயல்: மிரட்டல்னா ரெண்டு வருஷம் வரைக்கும். கொலை, கொடுங்காயம்னு மிரட்டினா ஏழு வருஷம் வரைக்கும். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனா கோவத்துல வாய்விட்டதையெல்லாம் கோர்ட் மிரட்டலா எடுத்துக்காது, உங்களைப் பயமுறுத்தணும்னே சொன்னாரான்னு பாக்கும். நம்ம ஊர் எஃப்ஐஆர்ல தெருச் சண்டை எதுவானாலும் "அசிங்கமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து"ன்னு ஒரே அச்சுதான். அதுல பாதி கோர்ட்ல நிக்காது

பெரியம்மா: இவர் எங்க பயந்தார். திருப்பி என்ன சொன்னார்னு கேளு

பெரியப்பா: அது இப்ப எதுக்கு

பெரியம்மா: காலை உடைப்பேன்னார்

பெரியப்பா: அதுக்குத்தான் முரளி வேணுங்கறேன். நம்ம பக்கம் ஒரு ஆள்

கயல்: பெரியப்பா, பொறுமையாப் படிங்க. அவதூறு நிரூபணமானாலும் அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல கிடையாது. கோர்ட்ல பொய் சாட்சி சொன்னா, பி.என்.எஸ். 229, ஏழு வருஷம் வரைக்கும், அபராதம் 10,000 ரூபா வரைக்கும். அது மாமாவுக்கு. சொல்லத் தூண்டினதுக்கு உங்களுக்கும் அதே தண்டனை. ஸ்டேஷன்ல ஒருத்தரை மாட்டிவிடப் பொய்யா எழுதிக் கொடுத்தா 217, ஒரு வருஷம்

முரளி மாமா: அத்தான், ஃபாஸ்டேக்ல டோல்கேட் தாண்டின நேரமெல்லாம் இருக்கும். ஆளை விடுங்க

அருண்: பொய் சாட்சிக்காக யாராவது உள்ள போயிருக்காங்களா என்ன

கயல்: அபூர்வம்தான். எதிராளி நேரா கேஸ் போட முடியாது. எந்தக் கோர்ட்ல பொய் சொன்னாங்களோ அந்தக் கோர்ட் விசாரிச்சுப் புகார் எழுதணும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பழைய 340, புதுசுல 379. இருக்கற வேலையில எந்த ஜட்ஜ் அதுக்கு உக்காருவார்? அந்தத் தைரியத்துலதான் துணிஞ்சு சொல்றாங்க. ஆனா குறுக்கு விசாரணையில மாமா உடைஞ்சா அதோட முடிஞ்சுது. பில் ஃபைலையும் நம்ப மாட்டாங்க. நிஜமான ஆதாரத்தை நம்மளே கெடுத்துக்கணுமா?

ராஜி சித்தி: அத்தான் லைன்ல இருக்கீங்களா

பெரியம்மா: இருக்கார். முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்

பெரியப்பா: சரி, முரளி வேண்டாம். வேற என்ன பண்ணணும்

கயல்: அவர் அழிக்கறதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, தேதி, நம்பர் தெரியணும். மொத்த சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி எனக்கு மெயில் போடுங்க. போனை மாத்தாதீங்க, அழிக்காதீங்க. மின்னணு ஆதாரம்னா கோர்ட்ல தனியா ஒரு சான்றிதழ் கொடுக்கணும், அதை நான் பாத்துக்கறேன். அவசரமும் இல்ல, அவதூறுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு. முதல்ல வக்கீல் நோட்டீஸ். அதே குரூப்ல மன்னிப்புக் கேட்டார்னா அதோட விட்டுடலாம், இது சமரசம் பண்ணக்கூடிய வழக்குதான்

பெரியப்பா: நோட்டீஸை நீயே எழுது. கடுமையா

கயல்: எழுதறேன். பார்க்கிங்ல சிசிடிவி இருக்கா? நேத்தைய பதிவை செயலாளர்கிட்ட கேட்டு எடுத்து வைங்க

அருண்: இருக்கு. போன வருஷம் அப்பாதான் சண்டை போட்டு மைக் வெச்ச கேமராவா மாத்தினார்

பெரியம்மா: அப்ப கால் உடைக்கறதும் கேக்கும்

பெரியப்பா: கயல், நோட்டீஸ்ல பார்க்கிங் விஷயம் வேண்டாம். லிஃப்ட் மட்டும் போடு