பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: தமிழ்99 நிலைத்து நிற்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அப்பாவின் லேப்டாப்பில் ரேம் 4 ஜிபிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11 போடலாமென்றால் அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, அதனால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

அவருக்குப் பழகிய மாதிரியே கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, எழுத்து அளவு 14, பெரிய கர்சர். லிப்ரேஆபிஸில் ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என எழுத்துருவைத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் வைத்ததும் சரியாகிவிட்டது.

மிச்சமிருப்பது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு. பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் மென்பொருளும், தமிழ்99 அமைப்பு உள்ள எம்17என் தொகுப்பும் நிறுவியிருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் நடுவில் புள்ளி தானே விழுந்து 'அம்மா' வந்துவிடும், அப்பாவுக்கு அந்த வேகம் கைப்பழக்கம். ஆனால் மறுநாள் காலை ஆன் செய்தால் விசைப்பலகை ஆங்கிலத்துக்கே போய்விடுகிறது, அவர் பாட்டுக்குத் தட்ட நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கின்றன, உடனே எனக்குப் போன்.

மின்ட், உபுண்டு வைத்திருப்பவர்கள் ஐபஸ்தான் வைத்திருக்கிறீர்களா, அதே வேலையைச் செய்யும் எஃப்சிடிஎக்ஸ்5-க்கு மாறிவிட்டீர்களா? லாகின் ஆனதுமே தமிழ்99 தயாராக இருக்க எந்த அமைப்பை மாற்றினீர்கள்? அப்புறம், மொழி மாற்ற ஒரே ஒரு விசை போதும்படி வைத்திருப்பவர்கள் எந்த விசை என்றும் சொல்லுங்கள், அவருக்கு இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துவது சிரமம்.