மூன்று மணி நேரப் பாட்காஸ்ட்: வாக்காளருக்கு வெளிச்சமா, வேட்பாளருக்கு விளம்பரமா?

கதிரவன்: 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர்கள் பாட்காஸ்ட்களைத் தேடிப் போனதைக் குறை கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. டிரம்ப் அக்டோபர் 25 அன்று டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பிரபல பாட்காஸ்ட் தொகுப்பாளர் ஜோ ரோகனுடன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினார். அதனால் மிச்சிகன் மாநிலப் பிரசாரக் கூட்டத்துக்கு அவர் வெகு தாமதமாகப் போய்ச் சேர்வதற்குள், குளிரில் காத்திருந்தவர்களில் பலர் கலைந்துவிட்டனர். எழுதிக் கொடுத்த பதில்களை இரண்டு நிமிடம் ஒப்பிக்கலாம், அதைத்தான் தொலைக்காட்சி விவாதங்களில் பார்க்கிறோம். மூன்று மணி நேரம் ஒப்பிக்க எவராலும் முடியாது.

மீனாட்சி: நீண்ட நேரம் பேசினார் என்பது சரி, கதிரவன். நீண்ட நேரம் கேள்விக்கு உள்ளானாரா? வருமான வரியை ஒழித்துவிட்டு இறக்குமதி வரியைக் கொண்டே ஈடுகட்டலாம் என்றது மெய்யாகத்தானா என்று ரோகன் கேட்டார். ஏன் கூடாது என்ற தொனியில் பதில் வந்தது. பேச்சு, இறக்குமதி வரியை உயர்த்திய பழைய அதிபர் மெக்கின்லியின் காலத்துப் பெருமைக்குப் போய்விட்டது. 2024 நிதியாண்டில் அந்நாட்டுக்குத் தனிநபர் வருமான வரியாகக் கிடைத்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். இறக்குமதிப் பொருள்கள் மீதான சுங்க வரியாகக் கிடைத்தது சுமார் 7,700 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மடக்கக்கூடிய நிருபர்கள் இருந்த சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நேர்காணலை அதே மாதம் அவர் தவிர்த்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கதிரவன்: ரோகன் மடக்கவே இல்லை என்பது நியாயமற்றது. 2020 தேர்தலில் மோசடி நடந்ததற்கான ஆதாரங்களை எப்போதாவது முன்வைப்பீர்களா என்று அவர் நேரடியாகவே கேட்டார். டிரம்ப் சுற்றி வளைத்ததை வெட்டாமல் ஒட்டாமல் கோடிக்கணக்கானோர் பார்த்தார்களே, இரண்டு வரிச் செய்தியில் அந்தத் தடுமாற்றம் தெரிந்திருக்குமா?

மீனாட்சி: பார்த்தவர்கள் அதைத் தடுமாற்றமாக எடுத்துக்கொண்டார்களா என்பதே என் ஐயம். ஆகஸ்டில் பாட்காஸ்ட் நடத்தும் நகைச்சுவைக் கலைஞர் தியோ வோனிடம் மதுவுக்கு அடிமையான தம் அண்ணன் ஃப்ரெட்டைப் பற்றிப் பேசியபோது, டிரம்ப் மனம் நொந்த ஒரு தம்பியாகத் தெரிந்தார்; கேட்பவர் மனம் இளகுவது இயல்பு. அந்த இளக்கத்தில் கணக்குக் கேட்கும் புத்தி மழுங்கிவிடுகிறது. எதிர்த்துப் போட்டியிட்ட கமலா ஹாரிஸும் சளைத்தவரல்லர். இளம்பெண்கள் பெரிதும் கேட்கும் 'கால் ஹெர் டாடி' பாட்காஸ்டில் அதன் தொகுப்பாளர் அலெக்ஸ் கூப்பருடன் கருக்கலைப்பு உரிமையைப் பற்றிப் பேசினார். இருவருமே வரவேற்பு நிச்சயமான வீட்டுக்குத்தான் விருந்துக்குப் போனார்கள்.

தணிகை: ஒரு சட்ட விஷயத்தைச் சேர்க்கிறேன். நவம்பர் 2 அன்று என்பிசி தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் ஹாரிஸ் தோன்றியதும், 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் சம நேர விதியை (ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் போட்டியாளருக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டும் என்பதை) முன்னிட்டு அந்நிறுவனம் டிரம்புக்கும் இலவச நேரம் ஒதுக்கியது. பாட்காஸ்ட்களுக்கு அந்த விதி பொருந்தாது. தேர்தலுக்கு முந்தைய நாள் ரோகன் டிரம்புக்கு வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தார்.

கதிரவன்: உண்மையான செய்தி நேர்காணல்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது, தணிகை. மேலும், ரோகன் ஹாரிஸுக்குக் கதவைச் சாத்தவில்லை. ஒரு மணி நேரம் மட்டும் தருவதாகவும், தம்மையே பயணம் செய்து வரும்படியும் ஹாரிஸ் தரப்பு கேட்டதாக ரோகன் சொன்னார். டிரம்ப் ஆஸ்டினில் பேசிய அதே நாளில் ஹாரிஸ் டெக்சாஸின் ஹூஸ்டனில்தான் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டு மேடையைக் குறை சொல்வதா?

மீனாட்சி: ஹாரிஸ் போயிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர் போயிருந்தாலும் சுங்க வரிக் கணக்கு கேட்கப்படாமலேதான் இருந்திருக்கும். பாட்காஸ்டுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகிற வேட்பாளர், அதே வாரத்தில் பொருளாதாரம் தெரிந்த ஒரு நிருபருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அதன் பிறகு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.