மறு: 'பக்' – பூச்சியா, வழுவா? கூடவே இன்னொரு சொல்

வணக்கம். மென்பொருளில் வரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'பூச்சி' என்பதா, 'வழு' என்பதா என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பக்' என்றால் பூச்சி. கணினிக்குள் அந்துப்பூச்சி சிக்கியதால் வந்த பெயர். தமிழிலும் 'பூச்சி' என்றே வைத்தால் அந்த வரலாறு தங்கும்.

அந்துப்பூச்சி சிக்கியது உண்மைதான். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் 2 கணினி, எஃப் பலகத்தில் 70ஆம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, 'பக் ஒன்று நிஜமாகவே பிடிபட்டது இதுவே முதல்முறை' என்ற பொருளில் ஒரு வரியும் எழுதிவைத்தார்கள். கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பல மேடைகளில் சொல்லிச் சொல்லிக் கதை பரவியது. ஆனால் கேலியே அந்த 'நிஜமாகவே'யில்தான் இருக்கிறது. பழுதுக்கு அந்தப் பெயர் முன்பே வழங்காவிட்டால் சிரிக்க என்ன இருந்திருக்கும்? எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே, புதுக் கருவிகளில் தலைகாட்டும் சின்னக் கோளாறுகளை 'பக்ஸ்' என்கிறார். பூச்சியால் பெயர் வரவில்லை. பெயர் இருந்த இடத்துக்குப் பூச்சி வந்து சேர்ந்தது.

பூச்சிதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கதையை நாம் சுமக்க வேண்டுமா? 'புளூடூத்' பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். அதற்காக 'நீலப்பல்' என்று கேலிக்குத்தான் எழுதுகிறோம். அதற்குத் தமிழில் 'ஊடலை' என்று பெயர் வைத்தவர்கள் அரசரைத் தொடவே இல்லை.

> 'வழு' பண்டிதச் சொல். யாருக்குப் புரியும்?

'கடமையிலிருந்து வழுவாமல்' என்பது புரிகிறவர்களுக்கு இதுவும் புரியும். தவிர, 'வழு' தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வருகிறது. இலக்கணத்தில் வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை), வழுவமைதி (பிழையானாலும் காரணத்தோடு ஏற்கப்படுவது) என்று மூன்று உண்டு. மூன்றாவதுதான் நமக்குப் புதையல். பசுவைப் பார்த்த மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்கிறோம். அஃறிணையை உயர்திணையாக்கியது வழுதான். ஆனாலும் உவப்பு என்ற காரணம் இருப்பதால் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது.

மென்பொருளில் இப்படிப்பட்டவை எத்தனை! 1900 லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. எக்செலும் தெரிந்தே அப்படியே வைத்துக்கொண்டது. திருத்தினால் பழைய கோப்புகளின் தேதிகள் ஒத்துப்போகா. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று தளத்துக்குச் சொல்ல வலையுலாவிகள் அனுப்பும் 'ரெஃபரர்' தலைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'ஆர்' குறைகிறது. வலைத் தொடர்புக்கான விதிகளைச் சொல்லும், 1996இல் வெளிவந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்த எழுத்துப்பிழை ஏறிவிட்டது. இன்று சரியாக எழுதினால்தான் வேலை செய்யாது!

காரணம் சொல்லித் திருத்தாமல் விட்ட இத்தகைய வழுக்களுக்கு 'வழுவமைதி' என்ற பெயரை முன்மொழிகிறேன்.

> 'அறிந்த சிக்கல்' போதாதா?

போதாது. அறிந்த சிக்கல் நாளையே திருத்தப்படலாம். வரிசையில் காத்திருக்கிறது, அவ்வளவுதான். வழுவமைதி என்றால் முடிவெடுத்தாகிவிட்டது, காரணமும் பதிவாகிவிட்டது. அந்தக் காரணம் எழுதப்படாதவரை அது வெறும் வழுதான். சோம்பலுக்கு இந்தப் பெயரைப் போர்வையாக்க விடக்கூடாது.

இப்போதைக்குச் சொற்பட்டியலில் 'பக்' – வழு, 'டீபக்' – வழுநீக்கு, 'வோன்ட் ஃபிக்ஸ்' (திருத்தப்போவதில்லை என்ற முடிவு) – வழுவமைதி என்று சேர்க்கிறேன். மூன்றாவதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'வொர்க்கரவுண்ட்' (வழுவைத் திருத்தாமல் சுற்றிப்போகும் வழி) பற்றிய கேள்வியைத் தனி இழையில் பார்ப்போம். இதில் கலந்தால் குழம்பும்.