புதுப்பிப்பு: பாலியெஸ்டர் சட்டையின் நாற்றம் நீங்கியது

பெங்களூரு அருகிலுள்ள சாவனதுர்கா மலையேற்றத்துக்கு அணியும் பாலியெஸ்டர் சட்டை, துவைத்த பின்னும் உடற்சூடு பட்டதும் நாறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன்; அந்த நாற்றம் இப்போது இல்லை. பாலியெஸ்டர் தோலின் எண்ணெயை இறுகப் பற்றிக்கொள்வதோடு, 2014இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியபடி, நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா பருத்தியைவிட அதில் அதிகம் பெருகுவதால், வெறும் சோப்பு போதவில்லை. 1 பங்கு வெள்ளை வினிகரும் 4 பங்கு நீரும் கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு, உட்புறத்தை வெளியே திருப்பி, என்சைம் கலந்த சலவைத்தூளில் துவைத்தேன். வினிகரைக் குளோரின் பிளீச்சுடன் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும். துணியில் படலமாகப் படியும் கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கும் திரவங்களையும் நிறுத்திவிட்டேன். பெங்களூரு மழைக்காலத்தில் ஈரச் சட்டையைப் பையிலேயே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது என்று கருதுகிறேன். ஆகவே வீடு திரும்பியவுடன் அலசி, மின்விசிறியின் கீழ் விரித்து உலர்த்துகிறேன்.