மறுமொழி: என்பொட்டா, எலும்பு ஒட்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பல் பிடுங்கிய இடத்தில் தேய்ந்துபோன தாடையென்பை மீளக் கட்டியெழுப்பும் சிகிச்சை பற்றிய துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அந்தச் சிகிச்சையை ஆங்கிலத்தில் "bone graft" என்பார்கள்; அதற்குத் தமிழில் நான் கேட்டது ஒரு சொல்; வந்தவை 19 மடல்கள். அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படித் தடுமாறுகிறோம்.

ஐயா தந்த "என்பொட்டு" இலக்கணப்படி பழுதற்றது. எங்கள் பாடநூல்களிலும் எலும்புக்கு என்புதான்; பிறர் தந்த என்பை வைக்கும் முறைக்கு "என்பும் உரியர் பிறர்க்கு" என்ற குறளடியை அவர் காட்டியதையும் இரசித்தேன். ஆனால் அதை நேற்று ஓர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்ர பொட்டுக்கு என்ன தம்பி?" என்றார். என்பும் ஒட்டும் புணர்கையில் உக்குறள் மெய்விட்டு ஓடிய இடத்தில் பொட்டு முளைத்துவிட்டது.

சென்னை நண்பரின் "சாரம்" பொருளளவில் மிக நெருக்கமானது. வைக்கும் துகள்கள் கட்டடச் சாரம்போல நிற்க, அவற்றினூடே குருதிக்குழாய்களும் என்புக் கலங்களும் படர்ந்து, பல மாதங்களில் நோயாளியின் சொந்த என்பு உருவாகிறது. ஆயினும் யாழ்ப்பாணத்தில் சாரம் இடுப்பில் உடுப்பது.

கறுத்தக்கொழும்பான் மாவின் ஒட்டுக்கன்றில் ஒட்டிய கிளை கடைசிவரை கறுத்தக்கொழும்பானாகவே காய்க்கும், இங்கே வைத்ததோ கரைந்துவிடும், ஆகவே "ஒட்டு" பொருந்தாது என்று நான் வாதிட்டேன். பதப்படுத்திய மாட்டென்புத் துகள்கள் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்குமே என்று ஐயா மறுத்தது சரிதான். (மாட்டென்பு என்பதைப் பிரசுரத்தில் மறைக்கமாட்டேன், சைவக்காரருக்குக் கேட்காமலே சொல்லவேண்டிய செய்தி அது.) அத்துடன் நாடியிலிருந்தோ கடைவாய்க்குப் பின்னாலிருந்தோ எடுப்பதைத் "தன்னெலும்பு ஒட்டு" என்று வேறுபடுத்தவும் "ஒட்டு" என்ற சொல் இடந்தருகிறது.

எனவே பெரும்பான்மையோர் களைத்துப்போய் ஒப்புக்கொண்டபடி "எலும்பு ஒட்டு" என்று பிரித்தே எழுதுகிறேன். அது கைமுறிவுக்குப் பத்துப்போடும் முறிவு வைத்தியரின் வேலையாக விளங்கப்படும் என்ற ஐயாவின் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. அதற்காகக் கீழே, "இது முறிவை ஒட்டுவதன்று, தேய்ந்த இடத்தை எலும்பால் நிரப்புவது" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அப்படியானால் "எலும்பு நிரப்பு" என்றே போடலாமே என்று அக்கா இப்போதுதான் எழுதியிருக்கிறார். சொத்தைப் பல்லை நிரப்புவதோடு அது குழம்பாதா, அக்கா?